மேலேயே விட்ட பிடி

மாவு ஆலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பாதுகாப்பு மேற்பார்வையாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. எல்லாம் கத்திக் கத்தித்தான்.

கோதுமை கொட்டிவைக்கும் கோபுரத்தின் ஓரமாக ஓர் இருட்டுக் கூண்டு. அதற்குள் சுவரோடு பதித்த இரும்பு ஏணி. ஏணியின் நடுவே உச்சியிலிருந்து தரைவரை ஓர் இரும்புக் கயிறு, அந்தக் கயிற்றில் ஓடும் ஒரு பிடி. இடுப்புப் பட்டையின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டு ஏறினால் பிடியும் கூடவே ஏறும். கால் தவறினால் கயிற்றைக் கவ்வி ஆளைத் தாங்கிக்கொள்ளும்.

இறங்கும்போதுதான் வம்பு. பிடியைக் கையால் தளர்த்தித் தளர்த்தி இறக்க வேண்டும். யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது? மேலே போனதும் கொக்கியைக் கழற்றிவிட்டு வெறுமனே இறங்கிவிடுவார்கள். பிடி உச்சியிலேயே கிடக்கும். அது அடுத்து ஏறுகிறவன் பாடு.

அப்படி வெறுமனே ஏறிய ஒரு வெல்டர்தான் போன மழைக்காலத்தில் விழுந்து செத்துப்போனான். அதன்பிறகும் யாரும் திருந்தவில்லை. ஆளுக்கொரு பிடி வாங்கித் தாருங்கள் என்று மேற்பார்வையாளர் மேலாளரிடம் நடையாய் நடந்தார். ஒன்றுதான் இருக்கிறதே என்று பதில் வந்தது.

அன்று மதியமே வானம் கறுத்துவிட்டது. உச்சி விளக்கைப் பழுதுபார்க்க எலக்ட்ரீஷியன் வந்தான். மேற்பார்வையாளருடைய தங்கையின் கணவன். பிடி வழக்கம்போல மேலே.

"விடுங்க மச்சான். நீங்க சட்டம் பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சிடும்."

"என் தங்கச்சிக்கு நான்ல பதில் சொல்லணும். நில்லு மாப்ளே, நானே போய் எறக்கிட்டு வரேன்."

செய்யக்கூடாத காரியம் என்று அவருக்கே தெரியும். எரிச்சல் கண்ணை மறைத்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு, கொக்கி சும்மா தொங்க, ஏறினார்.

படிகளில் படிந்திருந்த மாவு ஈரத்தில் பசையாகியிருந்தது. கூண்டுக்குள் புழுங்கிய கோதுமை வாடை. பாதி ஏறியபோது அது மாறியது. இரும்பு கருகும் வாடை.

யாரும் அங்கே வெல்டிங் செய்யவில்லை.

கிர்...

மேலே ஏதோ அசைந்தது.

கிர்... கிர்...

பிடி இறங்கி வந்துகொண்டிருந்தது. கை தளர்த்தாமல் ஒரு விரற்கடைகூட இறங்காத பிடி.

அவர் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.

கீழேயிருந்து மாப்பிள்ளையின் குரல் கம்மி வந்தது. "மச்சான்... உங்களுக்கு மேல நிக்கிறது யாரு?"

அவர் நிமிர்ந்தார். கால் வழுக்கியது. இரண்டு கையும் படியை விட்டன.

தடித்த தோல் கையுறை ஒன்று அவர் நெஞ்சை உரசிச் சென்றது.

க்ளக்.

கொக்கி மாட்டிக்கொண்டது. பட்டை இடுப்பை இறுக்க, அவர் அந்தரத்தில் தொங்கினார்.

படியைத் தேடிப் பிடித்து, பிடியைத் தளர்த்தித் தளர்த்தித் தரைவரை கொண்டுவந்து சேர்த்தார். மாப்பிள்ளை அவர் தோளைப் பற்றிக்கொண்டான். அவர் கண்ணை மூடிக் கைகூப்பினார். கடவுளே, எனக்குச் செய்தது போதும், செத்துப்போன அந்த வெல்டர் பிள்ளையை இனிமேலாவது இறக்கிவிடு என்று வேண்டிக்கொண்டார்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் எல்லாரையும் ஏணியடியில் கூட்டி நடந்ததைச் சொன்னார். சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அடுத்து வருகிறவனுக்காக ஒரு நிமிடம் செலவழியுங்கள், அதைவிடப் பெரிய புண்ணியம் வேண்டாம் என்று கெஞ்சினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தார்.

பிடி கீழே இல்லை. எவனோ மேலேயே விட்டுவிட்டு இறங்கிப் போயிருந்தான்.

அவருக்கு அழுகை முட்டியது. தலையாட்டிய ஒவ்வொருவனையும் பெயர் சொல்லித் திட்ட வாயைத் திறந்தார்.

அதற்குள் உச்சி இருட்டில், சலிப்பே இல்லாத ஒரு கை வேலையைத் தொடங்கியிருந்தது.

கிர்... கிர்...