பதினொன்றாம் வளைவின் கல்

கல் மறுபடியும் வந்திருந்தது.

ஒன்பதாம் தடத்தின் பதினொன்றாம் வளைவில் பூங்கோதை பிரேக்கைப் பிடித்து, இடது காலை ஊன்றி நின்றாள். மணியை இருமுறை அடித்தாள். பிறகு இறங்கி, வண்டியைச் சரிவில் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். தடத்தின் நட்டநடுவில், தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கருங்கல். இது நான்காவது. முதல் கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தாள். இரண்டாவதைத் துளையிட்டு உடைத்தாள். மூன்றாம் முறை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, சலித்த மண்ணைப் போட்டு நிரப்பினாள். இரண்டே மாதத்தில் அதற்கும் அடியிலிருந்து இன்னொன்று கிளம்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அளவுகோலை வைத்தாள். ஒன்பது சென்டிமீட்டர். நேற்று எட்டரை.

கல் தானாக நகராது. மண்தான் அதைத் தூக்குகிறது. எப்படித் தூக்குகிறது என்பது பூங்கோதைக்கு நன்றாகத் தெரியும். அந்த மண்ணை விதைத்தவர்களில் அவளும் ஒருத்தி. ஏன் தூக்குகிறது என்பதுதான் புரியவில்லை.

பெருஞ்சரிவு நடந்த வருடத்தோடு கருந்தலை மலையின் தார்ச்சாலைகள் முடிந்துபோயின. கனமான எந்தச் சக்கரமும் இனி மலையேறக் கூடாது என்று சட்டம் வந்தது. மலையின் காற்று ட்ரோன்களைத் தூக்கிப் பாறையில் அடித்தது. மிஞ்சியது மிதிவண்டி. கொழுத்த டயரும் அதிர்வு தாங்கியும் வைத்த மலைவண்டிகள் காபிக்கொட்டையை இறக்கின, தபாலை ஏற்றின, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு போயின. அவற்றுக்காக நாற்பத்தொரு தடங்கள் போடப்பட்டன. ஒவ்வொரு மழையும் தடத்தை அரித்தது. செப்பனிட ஆள் போதவில்லை. அப்போதுதான் கேள்மண் வந்தது.

கேள்மண் என்பது சாதாரண மலைமண்தான். அதற்குள் ஒரு வகைப் பூஞ்சையின் இழைகளைப் பரப்பியிருப்பார்கள். ஊறவைத்த கடலை பருத்து டப்பா மூடியைத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். இழைகளும் அப்படித்தான்: ஈரத்தை உறிஞ்சிப் பருத்தால் மேலே இருப்பதைத் தள்ளும், ஈரத்தை விட்டுச் சுருங்கினால் மேலே இருப்பது இறங்கும். ஒரு நாளில் அரை விரற்கடைதான் அசையும். ஆனால் நாள்தோறும் அசையும். எங்கே பருப்பது, எங்கே சுருங்குவது என்பதை இழைகள் தாங்களே முடிவு செய்வதில்லை. ஓட்டிகளைக் கேட்டுத்தான் செய்கின்றன.

அதற்காகத்தான் மலையடிவாரத்தில் கருத்துத்தூண் நிற்கிறது. தடத்தில் இறங்கி வந்தவர் தூணிடம் தன் கருத்தைச் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். அந்தச் சொற்கள் மெல்லிய மின்துடிப்புகளாகி மாலையில் மண்ணுக்குள் போகும். மறுநாள் தடம் கொஞ்சம் மாறியிருக்கும்.

பூங்கோதை அடிவாரத்துக்கு வந்தபோது தூணின் முன்னால் வழக்கமான வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்தது. காபிக்கொட்டை இறக்கும் திரவியம் தூணுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறாம் தடத்துல வேரு ஜாஸ்தியாப் போச்சு. மூட்டையோட வர்றவனுக்கு இடுப்பு கழண்டுருது. எல்லா வேரையும் அமுக்கு."

பின்னால் நின்ற நெவின் சிரித்தான். பந்தயப் பயிற்சிக்காக வாரம் இருமுறை சமவெளியிலிருந்து வருகிறவன். "அண்ணே, அந்த வேருக்காகத்தான் நான் திண்டுக்கல்லுல இருந்து வர்றேன். அதையும் அமுக்கிட்டா உங்க மலை மொட்டைமாடி மாதிரி ஆயிரும்."

"ஒனக்கு வெளையாட்டு. எனக்குச் சோறுடா தம்பி."

"சோறும் கொஞ்சம் குலுங்கட்டுமேண்ணே, நல்லாச் செரிக்கும்."

"ரெண்டு பேரும் தள்ளுங்க." ஜரினா முதுகில் குளிர்ப்பெட்டியோடு நடுவில் புகுந்தாள். "என் பெட்டியில இருக்கிறது ரத்தம். ஒங்க பஞ்சாயத்து முடியிற வரைக்கும் கெடாம இருக்காது." தூணின் பக்கம் திரும்பினாள். "ஒன்பது. கல்லை எடு."

ஆறு மாதத்துக்கு மேலாக அவள் தூணிடம் சொல்லும் கருத்து அது மட்டும்தான்.

மலையுச்சி மருத்துவமனையில் எடுக்கிற ரத்தம் ஒரு மணி நேரத்துக்குள் கீழே இருக்கும் ஆய்வகத்துக்கு வந்தாக வேண்டும். ஒன்பதாம் தடத்தில் நாற்பது நிமிடம். மற்ற தடங்களில் சுற்றி வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த வேலையை முதலில் செய்தவன் ஜரினாவின் தம்பி அன்வர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், பதினொன்றாம் வளைவில், எலுமிச்சம்பழ அளவுக் கல்லில் முன்சக்கரம் ஏறி, ஓடைப் பள்ளத்தில் விழுந்தான். தூக்கிக்கொண்டு வரும்போதே உயிர் போய்விட்டது. நாற்பதாம் நாள் முடிந்ததும் ஜரினா அவனுடைய பெட்டியை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டாள்.

இப்போது அந்த இடத்தில் கிளம்பியிருக்கும் கல் அன்று இருந்ததைவிடப் பெரியது. போன மாதம் மட்டும் இருவர் அங்கே விழுந்தார்கள். ஒருவருக்குக் காறை எலும்பு முறிந்தது. இந்த மாதக் கடைசிக்குள் கல் இறங்காவிட்டால் ஒன்பதாம் தடத்தை மூடிவிடுவதென்று மலை மன்றம் முடிவெடுத்திருந்தது. தடம் மூடினால் ரத்தப் பெட்டிக்கு வழி இல்லை.

"என்ஜினியரம்மா, எத்தன நாளு இருக்கு?" என்று ஜரினா கேட்டாள்.

"இருபத்தஞ்சு."

"ஒங்க மண்ணுக்குக் காது செவுடா?"

பூங்கோதை அலுவலகத்துக்குப் போய், தூணில் பதிவாகியிருந்த எட்டு மாதக் கருத்துகளையும் கேட்டாள். நாளொன்றுக்கு அறுபது பேராவது ஒன்பதில் இறங்கியிருந்தார்கள். தடம் செங்குத்து என்றார்கள், சப்பை என்றார்கள். நிழல் போதாது என்று ஒருவர் சொன்னால், மரம் கண்ணை மறைக்கிறது என்று அடுத்தவர் சொன்னார். எந்த இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போகவில்லை, ஒன்றைத் தவிர. கல் வேண்டாம். வேண்டும் என்று சொன்ன ஒரு குரல்கூட இல்லை.

ஆனால் மண்ணிலிருந்து திரும்பி வரும் அளவீடு வேறு மாதிரி இருந்தது. எந்த இடம் ஓட்டிகளுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மண் கணக்கிட்டு வைத்திருக்கும். அதற்கு விருப்ப அளவு என்று பெயர். நாற்பத்தொரு தடங்களிலும் விருப்ப அளவு மிக அதிகமாக இருந்த இடம் பதினொன்றாம் வளைவு.

யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். துள்ளிக் குதிக்கக் கல் தேடும் ஆட்களில் அவள் அறிந்தவன் ஒருவன்தான்.

"நானா?" நெவினின் முகம் சிறுத்துவிட்டது. "மேடம், ஆறுல கேப்பேன், பதினாலுல கேப்பேன். அன்வர் அண்ணன் விழுந்த எடத்துல கல்லு கேப்பனா? அவரு எனக்கு டயர் மாத்தவே சொல்லிக் குடுத்தாரு."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அடுத்து மின்துடிப்பைப் பத்து மடங்கு கூட்டிப் பார்த்தாள். அதனால் பயனில்லை, அளவுக்கு மீறிய துடிப்பை இடி என்று எடுத்துக்கொண்டு இழைகள் கேட்பதையே நிறுத்திக்கொண்டன. ஐந்து நாட்கள் அதில் போயின. கல் பத்தரை சென்டிமீட்டர் ஆனது.

மறுநாள் காலை தண்ணீர்ப் புட்டியோடு வளைவுக்கு மேலே இருந்த பாறையில் போய் உட்கார்ந்தாள். கருவிகள் எதுவும் கொண்டு போகவில்லை. பார்ப்பது என்று மட்டும் முடிவு செய்திருந்தாள்.

முதலில் தபால்காரர் வந்தார். பிரேக் பிடித்தார், கல்லுக்கு முன்னால் இடது காலை ஊன்றினார், மணியை இருமுறை அடித்தார், கல்லைச் சுற்றிக்கொண்டு போனார். பிறகு திரவியம், இரண்டு மூட்டைகளோடு. காலை ஊன்றினார், மணி இருமுறை, போனார். பள்ளி ஆசிரியைகள் இருவர் ஒருவர் பின் ஒருவராகக் காத்திருந்து அதையே செய்தார்கள். வேகத்துக்காகவே பிறந்தவன் போல ஓட்டும் நெவின்கூட நின்றான். காலை ஊன்றினான், தலை குனிந்தான், மணி அடித்தான்.

இதைப் பூங்கோதை அறியாதவள் இல்லை. அன்வர் போன மறுநாள் யாரோ தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் மலை முழுக்க வழக்கமாகிவிட்டது. மரியாதை, அவ்வளவுதான். அதைப் போய்த் தூணிடம் யார் சொல்வார்கள்? அது கருத்தே இல்லையே.

கடைசியாக ஜரினா வந்தாள். பெட்டியில் ரத்தம் இருந்தும் மற்றவர்களைவிட அதிக நேரம் நின்றாள். உதடுகள் அசைந்தன. பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு பூங்கோதை கீழே இறங்கி, கல்லுக்கு முன்னால் மண்டியிட்டாள். அறுபது பேரின் இடது கால்கள் ஒரே இடத்தில் பதிந்து, அங்கே மண் குழிந்து சிமெண்ட் போல இறுகியிருந்தது. அந்தக் குழியில் தன் காலணியை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. கல்லை அளக்க வந்த ஒவ்வொரு முறையும் அவளும் அங்கேதான் ஊன்றியிருந்தாள்.

இருபது வருடங்களுக்கு முன்னால், கேள்மண்ணின் இரண்டாம் ஆண்டில், ஒரு சிக்கல் வந்தது. தூணிடம் எல்லோரும் வீரம் பேசினார்கள். இன்னும் கடினமாக்கு, பள்ளம் வை என்றார்கள். மண் அப்படியே செய்தது. பிறகு அதே ஆட்கள் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஓரமாக ஓட்டினார்கள். வாய் ஒன்று சொல்கிறது, சக்கரம் வேறொன்று சொல்கிறது. சக்கரத்தை நம்புவோம் என்று முடிவு செய்தவள் பூங்கோதைதான். வாய்ச்சொல்லுக்கு ஒரு பங்கு, உடலின் செயலுக்கு மூன்று பங்கு. அப்படிப்பட்ட இழைகளையே தேர்ந்து வளர்த்தார்கள். ஓட்டிகள் தாமாக நின்று இளைப்பாறும் இடம் அவர்களுக்குப் பிடித்த இடம். மழை அதைக் கரைத்துவிடாமல், அங்கே எது இருக்கிறதோ அதை உயர்த்திப் பிடி. மண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. மரத்தடியில் ஓட்டிகள் இளைப்பாறும் மண்மேடைகளெல்லாம் அப்படித்தான் பிழைத்தன.

ஆக, தினமும் அறுபது பேர் கல் வேண்டாம் என்று வாயால் ஒரு பங்கு சொன்னார்கள். அதே அறுபது பேர், இந்த இடம் வேண்டும் என்று காலால் மூன்று பங்கு சொன்னார்கள். மண்ணுக்குக் காது செவிடு இல்லை. எல்லோரையும் கேட்டுத்தான் கல்லைத் தூக்கியது.

மாலையில் தூணருகே திரவியம், நெவின், ஜரினா மூவரையும் உட்காரவைத்து இதைச் சொன்னாள். கடலை உதாரணத்திலிருந்து தொடங்கிப் பொறுமையாகச் சொன்னாள். திரவியம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப நாமதான் அதை வளத்துருக்கமா?"

"நான்தான் அப்படிப் பழக்கினேன். நாம எல்லாரும் சேர்ந்து வளத்தோம்."

"அந்த மூணு பங்கை மாத்த முடியாதா மேடம்?" என்றான் நெவின்.

"அது மண்ணோட பிறவிக் குணம். மாத்தணும்னா எல்லாத்தையும் தோண்டி மறுபடி விதைக்கணும். நாலு வருஷம் ஆகும். இருக்கிறது பத்தொன்பது நாள்."

ஜரினா குளிர்ப்பெட்டியின் வாரை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தாள்.

"நிக்காமப் போனா எறங்கிருமா?"

"இறங்கிடும். ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் நிக்காமப் போகணும்."

"எத்தன நாளைக்கு?"

பூங்கோதை பொய் சொல்ல விரும்பவில்லை. "எப்பவுமே. மறுபடி நிக்க ஆரம்பிச்சா மறுபடி வரும்."

"தாயி, அந்த வளைவு தாண்டி வெறும் பாறை ஒண்ணு இருக்குல்ல?" என்றார் திரவியம் தயங்கித் தயங்கி. "அதுல கேள்மண்ணு கெடையாது. எல்லாரும் அங்க நிப்போம்."

"அங்க அவன் விழலயே அண்ணே."

தூணில் யாரோ வந்து எட்டாம் தடத்தில் நிழல் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"எங்க ஊர்ல பொம்பளைங்க கபர்ஸ்தானுக்குப் போறதில்ல" என்றாள் ஜரினா. "அவனை அடக்கம் பண்ணுன எடத்துக்கு அத்தா மட்டும் வாராவாரம் போறாரு. எனக்கு அந்த வளைவு மட்டும்தான் இருந்துச்சு. அன்னைக்கு யாருக்கு என்ன எடுத்தாங்க, எத்தன நிமிஷத்துல வந்தேன், எல்லாம் அவன்கிட்ட சொல்லுவேன். அவனை விட ரெண்டு நிமிஷம் லேட்டாத்தான் வர்றேன்." வாரை விரலிலிருந்து கழற்றினாள். "நின்னு பேசுறதுனாலதான் லேட்டு."

நெவின் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான்தான் முதல்ல நின்னேன்" என்றாள் அவள். "அன்னைக்கு ஒங்க எல்லாருக்கும் முன்னாடி, வண்டி இல்லாம நடந்து போயி நின்னேன். அதைப் பாத்துதான் மத்தவங்க. அதனால நான் நிக்காமப் போனாத்தான் எல்லாரும் போவாங்க. நாளைக்கு எனக்குப் பின்னாடியே வாங்க."

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஜரினா உச்சியிலிருந்து கிளம்பினாள். அவளுக்குப் பின்னால் திரவியம், நெவின், தபால்காரர், ஆசிரியைகள், எல்லோருக்கும் கடைசியில் பூங்கோதை. பத்தாம் வளைவைத் தாண்டியதும் ஜரினாவின் விரல்கள் பிரேக்கின் மேல் போயின. பழக்கம். பின்னாலிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. விரல்களை எடுத்துக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். கல்லுக்கு இடப்புறம் ஒரு சாண் இடைவெளியில் அவளுடைய சக்கரங்கள் வேகம் குறையாமல் போயின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். அன்று ரத்தம் முப்பத்தெட்டு நிமிடத்தில் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

செய்தி அன்றே மலை முழுக்கப் பரவி, மற்ற ஓட்டிகளும் அங்கே நிற்பதை விட்டார்கள். முதல் நான்கு நாட்கள் கல் அசையவில்லை. ஐந்தாம் நாள் அரை சென்டிமீட்டர் இறங்கியது. ஒன்பதாம் நாள் வெளியூர்க்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் அங்கே நின்று இளைப்பாறியதில் இறங்குவது ஒரு நாள் தடைப்பட்டது. அதன் பிறகு தடத்தின் தொடக்கத்தில் ஒரு பலகை வைத்தார்கள். பதினேழாம் நாள், மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பூங்கோதை வண்டியிலிருந்து இறங்காமல், வேகத்தைக் குறைக்காமல் அந்த வளைவைக் கடந்தாள். சக்கரத்துக்கு அடியில் எதுவும் தட்டுப்படவில்லை. தடம் மூடப்படவில்லை. பலகையில் இருப்பது இவ்வளவுதான்: பதினொன்றாம் வளைவில் யாரும் நிற்க வேண்டாம்.