அச்சாற்றில் விளைந்த நீலம்

றிஸ்னா கொண்டுவந்த கண்ணாடிப் போத்தலை முனவ்வரா ஜன்னலோரம் வைத்தார். கற்பிட்டிக் களப்புக் காற்றில் திரைச்சீலை ஆடியது. தூரத்துக் காற்றாலைகள் தூக்கக் கலக்கத்தில் சுற்றுவதுபோல் மெல்லச் சுற்றின. போத்தலில் சின்ன வெங்காயமும் மிளகாயும் வினாகிரி என்னும் புளிக்காடியில் மிதந்தன. நடுவே வெள்ளைப்பூட்டுப் பற்கள் மட்டும் ஆழ்கடல் நீலத்தில் கிடந்தன. நஞ்சென்றால் இவ்வளவு அழகாகவா இருக்கும்?

"நாளைக்கு எங்கட அவர்ட தங்கச்சி நஸ்ஹாவுக்குக் கலியாணம், மிஸ். அச்சாறு நான்தான் போட்டன். காலையில பாத்தா இப்பிடி!" றிஸ்னா போத்தலை விரலால் தட்டினாள். "வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்க அவர் மயில்துத்தம் வாங்கி வெச்சிருக்காரு. அத நான் கலந்துட்டனாம். மஃரிப் தொழுகைக்கு முந்திப் பாலாவிக்கு, உம்மா வீட்ட போகச் சொல்லிட்டாங்க மாமி."

"ஏன் நீ கலக்கணும்?"

"இந்தச் சம்பந்தம் வேணாமெண்டு நான் சொன்னன்தான். மாப்பிள்ள வெளிநாட்டுல, நஸ்ஹா இங்க தனிய. அதுக்காக நஞ்சு வெப்பனா?"

முனவ்வரா உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய உதவியாளனாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவன், பக்கத்தில் நின்ற முச்சக்கரவண்டி ஓட்டுநர் றொபி. யாராவது தும்மினாலும் அவனுக்கு அதில் ஒரு சதி தெரியும்.

"மயில்துத்தமும் நீலம், பூடும் நீலம். வேற என்ன மிஸ் வேணும்?" என்றான்.

"போத்தல வெளிச்சத்துக்குப் புடி. எது நீலம்?"

"பூடு."

"வினாகிரி?"

றொபி உற்றுப் பார்த்தான். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

"பூட்ட எங்க வெச்சிருந்த, புள்ள?"

"ஃபிரிட்ஜில. மலிவா வந்த நேரம் கலியாணத்துக்கெண்டு வாங்கினது. வெட்டேக்க சிலதுல பச்சை முளையும் இருந்திச்சு."

முனவ்வரா புன்னகைத்தார்.

வெயில் சாயும் நேரம் மூவரும் றிஸ்னாவின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் அவளுடைய உடுப்புப் பை தயாராக இருந்தது. மாமியார் ஸக்கியா கதிரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணப்பெண் நஸ்ஹா மருதாணிக் கைகளோடு கதவருகே நின்றாள்.

முனவ்வரா இரண்டு கிளாஸ்கள் கேட்டார். ஒன்றில் வினாகிரி ஊற்றி வீட்டிலிருந்த மயில்துத்தத்தில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். அது முழுதும் நீலமானது. மற்றதில் றிஸ்னாவின் அச்சாற்று வினாகிரி. இரண்டிலும் தேய்த்த இரும்பு ஆணி ஒவ்வொன்றை இறக்கினார். சற்று நேரத்தில் முதல் ஆணி செந்நிறம் பூசிக்கொண்டது. மற்றது இரும்பாகவே இருந்தது.

"மயில்துத்தத்தில செம்பு இருக்கு. இரும்பக் கண்டா அது வந்து படியும். றிஸ்னா போட்டதுல செம்பே இல்ல."

"அப்ப நீலம் எங்கால வந்திச்சு?" என்றாள் நஸ்ஹா.

"பூட்டுக்குள்ளயே. அதில கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் இருக்கு. குளிர்ல கிடந்தா கூடும், வெட்டினா உடையும். உடைஞ்ச துண்டுகள் தனிய நிக்காதுகள். பக்கத்தில உள்ளதோட கைகோத்துப் புதுப் பொருளாயிடும். புளிப்பு அதுக்கு உதவி செய்யும். அணுக்களெல்லாம் பழசுதான், சேர்ந்த விதம்தான் புதுசு. அந்தச் சேர்க்கையிட நிறம்தான் இது. நஞ்சில்ல, தின்னலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் ஒருவர் கையும் போத்தல் பக்கம் போகவில்லை. றொபிகூடத் திடீரென்று முகட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நிரூபித்தாலும் சந்தேகம் போகவில்லை என்பது றிஸ்னாவுக்கு விளங்கியது. அவள் குனிந்து பையை எடுத்தாள்.

நஸ்ஹா வந்து, இருப்பதிலேயே நீலமான பல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.

"புள்ள!" என்று ஸக்கியா எழுந்துவிட்டார்.

"என்னைத் தனிய விட்டுப் போற ஆளுக்குக் குடுக்காதீங்க எண்டு இந்த வீட்டுல சொன்னது மதினி மட்டும்தான், உம்மா. அவங்களா எனக்கு நஞ்சு வெக்கிற?"

ஸக்கியா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போத்தலுக்குள் கைவிட்டு ஒரு நீலப் பல்லை எடுத்து மென்றார். கண் கலங்கிவிட்டது.

"வினாகிரி கூடிப்போச்சு," என்றார். றிஸ்னாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.