முப்பத்தாறு எண்ணும் வரை

மணியம்மைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு எண்ணும் நேரம்தான் அப்பா.

மாலை ஐந்து மணிக்குத் திருத்தணியில் தன் பள்ளி மைதானத்தில், மதிலை ஒட்டி அவள் நிற்பாள். புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வெள்ளைப் பால் டேங்கர் வரும். மதிலின் ஒரு முனையில் அது தலை காட்டியதும் ‘ஒன்று’ என்று ஆரம்பிப்பாள். ‘பன்னிரண்டு’ சொல்வதற்குள் மறுமுனையில் இருக்கும் புளியமரத்தைத் தாண்டிப் போய்விடும். அந்த வண்டியை ஓட்டுகிறவர்தான் அவளுடைய அப்பா கஜபதி.

அந்த நேரத்தில் அப்பாவின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. சென்னைக்குப் போகும் வண்டிக்குப் பள்ளி இடப்பக்கம். அப்பா உட்கார்ந்திருப்பதோ வலப்பக்கம். நடுவே காலியாக இருக்கும் கிளீனர் சீட்டுக்கு மேலே ஒரு கை மட்டும் உயரும். ஆடும். போய்விடும்.

“கையாவது தெரியுதே கண்ணு,” என்பாள் அம்மா நிர்மலா.

“கைக்கு மூக்கு, கண்ணு ஒண்ணும் இல்லியேம்மா,” என்பாள் மணியம்மை.

அப்பா வண்டியை நிறுத்த முடியாது. டேங்கர் நிறையப் பால் இருக்கும். இரவு சென்னையில் பாலை இறக்கிவிட்டு, அங்கேயே படுத்து, விடிந்ததும் காலி வண்டியோடு புத்தூருக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் வீடு.

அவளுடைய தோழி ஸ்ரீவர்ஷினியின் அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர். மத்தியானமே படியிறங்கி வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் சட்டையில் எப்போதும் நெய் வாசனை அடிக்கும். ஸ்ரீவர்ஷினிக்கு அது பெரிய விஷயமாகவே தெரியாது. மணியம்மைக்குத்தான் அந்த வீட்டுக்குப் போனால் சீக்கிரம் கிளம்பிவிடத் தோன்றும்.

ஆனாலும் ஸ்ரீவர்ஷினி நல்லவள். தினமும் காலையில் மறக்காமல் கேட்பாள். “நேத்து எத்தனைடி?”

“பன்னெண்டு.”

லாரி குறுக்கே வந்த நாளில், “ஒம்பதுதான்.”

இதெல்லாம் 2009-இல். அப்போது வழிகாட்டும் வரைபடம் எல்லார் கைபேசியிலும் கிடையாது. ஆனால் அப்பாவின் கம்பெனி அந்த வருடம் எல்லா டேங்கரிலும் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தியிருந்தது. அதற்குள் ரோடுகளின் வரைபடம் இருந்தது. எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று அதற்குத் தெரியும். மீறினால் ‘கீ... கீ...’ என்று கத்தும். சொல்லாத இடத்தில் வண்டி நின்றால் ஆபீசுக்குத் தகவல் போய்விடும்.

அப்பா அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார். “ஓடினாலும் கத்துது, நின்னாலும் போட்டுக் குடுக்குது. வேற இன்னா பேர் வெக்கிறது?”

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வந்துபோய் ஒரு வாரம் இருக்கும். போலீஸ் வைத்த இரும்புத் தடுப்புகள் இன்னும் மதிலில் சாய்ந்து கிடந்தன. அன்று மாலை அப்பாவின் கை வந்து போன பிறகு, ஒரு கார் மெதுவாக ஊர்ந்து வந்து பள்ளி வாசலில் நின்றது. அதன் கூரையில் கவிழ்த்த கிண்ணம் போல என்னவோ ஒட்டியிருந்தது.

கையில் மடிக்கணினியோடு ஓர் அக்கா இறங்கினார். வாசலில் நட்டிருந்த வேகப் பலகையை அண்ணாந்து பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“சடகோபன், இங்க பாருங்க! இருபதுன்னு இருக்கு. கீழ நேரம் இருக்க வேண்டிய இடத்துல பாப்பா சிரிக்குது!”

டிரைவர் சடகோபன் எட்டிப் பார்த்தார். பலகையின் கீழ்ப்பாதியில் யாரோ காதணி விழா போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை பல் இல்லாமல் சிரித்தது.

“குழந்தை அழகாத்தாம்மா இருக்கு,” என்றார் அவர். “ஆனா மணி சொல்ல மாட்டேங்குது.”

மணியம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். “என்னக்கா பண்றீங்க?”

அந்த அக்காவின் பெயர் சுலோச்சனா. கார்களிலும் லாரிகளிலும் இருக்கும் பெட்டிகளுக்கு வரைபடம் தயார் செய்வது அவர் வேலை.

“பலகைக்கும் டியூட்டி நேரம் இருக்கு பாப்பா. பசங்க வர்ற நேரம், போற நேரம் மட்டும் இங்க இருபது கிலோமீட்டர் வேகம். மத்த நேரத்துல அது லீவுல இருக்கும். அந்த நேரத்தை நான் வரைபடத்துல ஏத்தணும். அப்பத்தான் பெட்டி சரியான நேரத்துல டிரைவருக்குச் சொல்லும்.”

“பால் வண்டியில இருக்கிற பெட்டிகூடவா?”

“ஆங், அதுக்கும்தான்.”

மணியம்மை மதிலில் இன்னும் எம்பினாள். “அக்கா, இருபதுல போனா இந்த மதிலைத் தாண்ட எத்தனை எண்ணணும்?”

சுலோச்சனா மதிலைப் பார்த்தார். “இருநூறு மீட்டர் இருக்கும். அப்படின்னா... முப்பத்தாறு நொடி.”

முப்பத்தாறு! மூன்று பன்னிரண்டு!

“உனக்கு அந்த நேரம் தெரியுமா பாப்பா?” என்று சுலோச்சனா கேட்டார். “கேட்ல யாரையும் காணோம். தெரியலைன்னா நாள் முழுக்க இருபதுன்னு போட்டுடுவோம்.”

அவளுக்குத் தெரியாமல் என்ன? ஒரு வருடமாக அந்தப் பலகைக்குக் கீழேதான் வந்து போகிறாள். காலை எட்டரை முதல் ஒன்பதரை. மாலை மூன்றே முக்கால் முதல் நாலே முக்கால். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அப்பா வருவதோ ஐந்து மணிக்கு.

“தெரியாதுக்கா,” என்றாள் மணியம்மை.

“பரவாயில்ல. மலையடிவாரத் தெருவெல்லாம் இன்னிக்கே முடிச்சிட்டு நாளைக்குக் காலையில நகரிக்குக் கிளம்பிடுவோம். இது நாள் முழுக்கன்னே இருக்கட்டும்.”

கார் போய்விட்டது. மணியம்மை வீடு வரை குதித்துக்கொண்டே போனாள். அம்மா ஜவுளிக்கடையிலிருந்து வந்ததும், “நம்ம தெருவுல உனக்கு மட்டும் தீபாவளி வந்துடுச்சா?” என்று கேட்டாள்.

எட்டு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. அப்பாதான்.

“நைனா, மாமியார் எப்படிக் கீது?” என்று கேட்டாள் மணியம்மை.

“அத ஏன் கேக்கிற! வழியில ஒரு எடத்துல பள்ளிக்கூடமே மூடி ரெண்டு வருஷம் ஆவுது. வரைபடத்துல மட்டும் நாள் முழுக்க இருபதுன்னு போட்டு வெச்சிகீறாங்க. ஆடு மாடுகூட இல்லாத ரோட்டுல ‘கீ கீ’ன்னு கத்துது. நம்ம டிரைவருங்க எல்லாம் அதுமேல துண்டைப் போட்டு மூடிட்டானுங்க.”

“மூடிட்டா... நெசமாவே பசங்க ரோட்டைத் தாண்டுற எடத்துல?”

“அங்கயும் கேக்காதுதான். சும்மாச் சும்மா கத்தினா யாரு கண்ணு மதிப்பாங்க?”

மணியம்மை போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

“இன்னா கண்ணு, போன் கட்டாயிடுச்சா?”

“இல்ல நைனா. இருக்கேன்.”

சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாள். ஸ்ரீவர்ஷினியின் தம்பி ஸ்ரீகுமார் கண்முன் வந்து நின்றான். ஒன்றாம் வகுப்பு. தினமும் காலையில் ரோட்டைத் தாண்டும்போது அவனிடமிருந்து ஏதாவது கீழே விழும். ரப்பர், மூடி, ஒரு செருப்பு. விழுந்ததை எடுக்கத் திரும்பி ஓடுவான். அவன் அக்கா கத்துவாள். அந்த நேரத்தில் எல்லா லாரியிலும் பெட்டியின் மேல் துண்டு கிடந்தால்?

முப்பத்தாறு வேண்டும்தான். ரொம்ப ரொம்ப வேண்டும். ஆனால் இப்படி வேண்டாம்.

மறுநாள் எட்டேகாலுக்கே மணியம்மை பள்ளி வாசலுக்கு வந்துவிட்டாள். இரும்புத் தடுப்பு ஒன்றின் மேல் ஏறி, தண்ணீர்ப் பாட்டிலைப் போஸ்டரில் கவிழ்த்தாள். ஊறியதும் ஸ்கேலால் சுரண்டினாள். முதலில் குழந்தையின் காது போனது. பிறகு சிரிப்பு போனது. “மன்னிச்சுக்கோ பாப்பா,” என்று சொல்லிக்கொண்டே சுரண்டினாள். ஸ்கேல் இரண்டாக உடைந்தது. மிச்சத்தை நகத்தால் சுரண்டினாள்.

முக்கால்வாசி முடிந்தபோது கூரையில் கிண்ணம் வைத்த கார் வந்தது. நகரிக்குப் போக அந்த வழிதானே!

“அக்கா! நிறுத்துங்க!”

கார் நின்றது. மணியம்மை தடுப்பிலிருந்து இறங்கினாள். பாவாடையெல்லாம் பசைமாவு.

“நேத்து பொய் சொல்லிட்டேன்க்கா. எனக்கு நேரம் தெரியும்.” பலகையைக் காட்டினாள். பிறகு ஏன் பொய் சொன்னாள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பன்னிரண்டு, கை, முப்பத்தாறு, மாமியார், துண்டு, ஸ்ரீகுமார் எல்லாவற்றையும்.

சடகோபன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சுலோச்சனா பலகையைப் படம் எடுத்தார். கணினியில் தட்டினார். “காலை எட்டரை – ஒன்பதரை. மாலை மூணே முக்கால் – நாலே முக்கால். திங்கள் முதல் வெள்ளி.” பிறகு மெதுவாகச் சொன்னார். “சாயந்திரத்தை அஞ்சு மணி வரைக்கும் என்னால இழுக்க முடியாது பாப்பா. எனக்கும் ஆசைதான்.”

“வேணாம்க்கா,” என்றாள் மணியம்மை. அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தாள். காலை எட்டரை. காலை...

“அக்கா! எங்க நைனா காலையிலயும் இந்தப் பக்கம்தான் போவாரு. ஆனா எட்டு மணிக்கே தாண்டிடுவாரு. அப்போ பள்ளிக்கூடக் கேட்டே தெறக்காது, ரோட்டுல தனியா நிக்க அம்மாவும் விடமாட்டாங்க.”

“அதனால?”

“காலையில வண்டி காலிதானே? பால் கெட்டுப்போகாதே?”

சுலோச்சனா அவளைப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

“அப்படின்னா வரைபடத்துல நேரத்தை மாத்த வேணாம்,” என்றார். “உங்க நைனாவோட நேரத்தை மாத்து.”

அன்று இரவு எட்டு மணிக்கு நீண்ட பேச்சுவார்த்தை நடந்தது. அப்பாவின் வண்டி காலையில் நிற்கக் கம்பெனி இரண்டு இடங்களைத்தான் சொல்லியிருந்தது. திருத்தணிக்கு முன்னால் கனகம்மாசத்திரம், பின்னால் நகரி. ஏதாவது ஓர் இடத்தில் முக்கால் மணி நேரம். அப்பா எப்போதும் நகரியில்தான் நிறுத்துவார்.

“கனகம்மாசத்திரத்துலயே சாப்பிட்டுட்டு வா நைனா. எட்டே முக்காலுக்கு இங்க வந்துடலாம்.”

“ஐயோ, அந்த எடத்து இட்லி கல்லுக்குத் தம்பி கண்ணு! நகரி இட்லி பஞ்சு மாதிரி இருக்கும்.”

“நைனா.”



“சரி,” என்றார் அப்பா. குரல் ஒரு மாதிரி இருந்தது. “கல்லுக்குத் தம்பியே நல்லாத்தான் இருக்கும்.”

மறுநாள் எட்டே முக்காலுக்கு டேங்கர் வந்தது. புத்தூர், திருப்பதிப் பக்கம் போகும் வண்டிக்குப் பள்ளி வலப்பக்கம். அப்பாவும் வலப்பக்கம். ஜன்னலில் முழு முகமும் தெரிந்தது! மீசையில் இரண்டு நரைமுடி புதிதாக வந்திருந்தது. சிரிக்கும்போது அப்பாவின் கண் மூடிக்கொள்ளும் என்பதையே மணியம்மை மறந்துபோயிருந்தாள்.

“இருபது!” என்று ஓடிவந்து ஸ்ரீவர்ஷினியிடம் சொன்னாள். “இருபது எண்ணினேன்!”

அதற்கு மேல் மெதுவாகப் போக அப்பாவால் முடியவில்லை. பின்னால் வரும் பஸ்காரர் ஆரனை அடித்தே தள்ளிவிடுவார். எல்லார் பெட்டியும் ஒன்றாகச் சொன்னால்தான் உண்டு. புது வரைபடம் வர மாதக்கணக்கில் ஆகும் என்று சுலோச்சனா சொல்லியிருந்தார். தீபாவளி போனது. மழை போனது. தினமும் எண்ணிக்கை இருபதுதான். மணியம்மை காத்திருந்தாள்.

பொங்கல் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. எட்டே முக்கால் மணி. முதலில் ஒரு பால் டேங்கர் ஊர்ந்து வந்தது. அடுத்து இன்னொன்று. மூன்றாவது அப்பாவுடையது. பின்னால் வந்த திருப்பதி பஸ்ஸுக்கு வேறு வழியில்லாமல் அதுவும் ஊர்ந்தது. ஸ்ரீகுமார் செருப்பை விட்டு, திரும்பி ஓடி எடுத்துக்கொண்டு, நிதானமாக மறுபடி ரோட்டைத் தாண்டினான். மூன்று டேங்கரும் அவனுக்காக நின்று கிளம்பின.

மணியம்மை மதிலுக்கு உள்ளே, வண்டியோடு கூடவே ஓடினாள்.

“நைனா! மாமியார் கத்துதா?”

“கத்தலை! புது வரைபடம் வந்ததும் துண்டையெல்லாம் எடுத்துட்டானுங்க. இருபதுன்னு சொல்லிச்சு, நானும் கேட்டுகினேன்!” அப்பா ஜன்னலில் சாய்ந்து சிரித்தார். “இன்னா சாப்ட்ட?”

“தோசை! நீ?”

“கல்லுக்குத் தம்பி! மூணு!”

“கணக்குல தொண்ணூத்தாறு நைனா!”

“மீதி நாலு எங்க?”

“டீச்சரே வெச்சிகினாங்க!”

அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். பின்னாலிருந்த பஸ்ஸில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். “சாயந்திரம் குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கோ கண்ணு!”

“நீயும்!”

புளியமரம் வந்தது. டேங்கர் போய்விட்டது. மணியம்மை மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தம்பியை வகுப்பில் விட்டுவிட்டு ஸ்ரீவர்ஷினி ஓடி வந்தாள்.

“எத்தனைடி? முப்பத்தாறு வந்துதா?”

மணியம்மை திருதிருவென்று விழித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

“எண்ணவே மறந்துட்டேன்டி!”