முரல் இல்லாத இருபது நிமிடம்

ஆறாவது வயரையும் பிடுங்கியாயிற்று. முரல் போகவில்லை. ஒலிபெருக்கிகள் இரண்டும் 'ம்ம்ம்' என்று அவை பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தன. இளம்பரிதி தரையில் குப்புறப் படுத்து, அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். ஐம்பத்தொரு வயதில் அப்படிப் படுப்பதே பெரிய வித்தை. எழுந்திருப்பது அதைவிடப் பெரிய வித்தை.

"எதுக்குங்க இப்ப அதைப் போக்கணும்?" என்றாள் தன்யஸ்ரீ, வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு. காலையிலிருந்து மூன்றாவது தடவை கேட்கிறாள்.

"நாதஸ்வரம் கேக்கணும். மெதுவா வாசிக்கிற இடத்துலயெல்லாம் இது உள்ள பூந்துக்குது."

"பதினாலு வருஷமா பூந்துக்கலையா?"

நியாயமான கேள்வி. அவன் ஏழாவது வயரைத் தேடினான்.

அந்தக் காலத்துத் திருச்சியில், வீட்டு முரலைப் போக்க நினைக்கும் ஆளை ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும். காரணம் இருந்தது. யார் குரலையும் எந்த இயந்திரமும் அச்சு அசலாகப் பேசிவிடும் என்று ஆனபின், நீதிமன்றங்கள் குரல் சாட்சியத்தையே கைகழுவிவிட்டன. அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான் மின்சாரத்தின் முனகலைக் கவனித்தார். நொடிக்கு ஐம்பது துடிப்பு என்று பேர்தானே தவிர, அது சரியாக ஐம்பதில் நிற்பதே இல்லை. மயிரிழை ஏறும், மயிரிழை இறங்கும். ஒரு நாள் நடுங்கிய மாதிரி இன்னொரு நாள் நடுங்காது. மின்துறை அந்த நடுக்கத்தை நொடி விடாமல் 'முரலேடு' என்று எழுதி வைத்தது. வீட்டில் பதிவாகும் பேச்சுக்கு அடியில் அந்த முரலும் சேர்ந்தே பதிவாகும். ஏட்டோடு ஒப்பிட்டால், இன்ன நாள், இன்ன நொடி, அசல் என்று சொல்லிவிடலாம்.

பிறகென்ன? வீட்டுக்கு வீடு கூடத்தில் உள்ளங்கையளவு 'செவிக்கூடு' வந்தது. ஒலிபெருக்கியோடு பிணைந்து, பேசுவதையெல்லாம் முரலோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டது. முரல் ஏறிய சொல் கையெழுத்துப் போட்ட பத்திரத்துக்குச் சமம் என்று சட்டமும் வந்தது.

முதல் இரண்டு வருஷம் ஒரே கொண்டாட்டம். "நான் எப்ப சொன்னேன்?" என்று இனி யாரும் கேட்க முடியாதல்லவா! மூன்றாவது வருஷம் ஜனங்கள் சுதாரித்துக்கொண்டார்கள். "கண்டிப்பா வரேன்" என்று ஒருவரும் சொல்வதில்லை. "பார்க்கலாம்" என்பதோடு சரி. வீடுகளை விட்டு முதலில் வெளியேறிய சொல் "மன்னிச்சிடு". சொன்னால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும், அதுவும் தேதியோடு. இவர்கள் மாடியிலேயே ஒருவர் மாமியார் புடவையில் சாம்பாரைக் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார். நாலு வருஷம் கழித்து விவாகரத்து வழக்கில் அந்தச் சாம்பாரை வாசித்தார்கள்.

இளம்பரிதி வீட்டுக் கதை சாம்பாரோடு போகிறதல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு புயல் நாளில், நாகப்பட்டினத்திலிருந்து தன்யஸ்ரீயின் அண்ணன் போன் செய்தான். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வரச் சொல் என்றான். போனை எடுத்தது இவன். சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து, "ஊர்லேருந்து போன் வந்துச்சா?" என்று கேட்டாள். "இல்லையே" என்றான். சொல்லியிருந்தால் அந்தப் புயலில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். அந்தப் பயம்தான். விடிந்தபோது அப்பா இல்லை.

அந்த "இல்லையே" செவிக்கூட்டில் நொடி சுத்தமாக இருந்தது. தன்யஸ்ரீ அதை அவ்வப்போது போட்டுக் கேட்பாள். இவன் புயலைப் பற்றி நூறு தடவை விளக்கியிருக்கிறான். 'மன்னிச்சிடு' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னதில்லை. போன் செய்த அந்த மைத்துனன் வக்கீல். இப்போது இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. திங்கட்கிழமை அவள் நாகப்பட்டினம் போகிறாள். "திரும்பி வர்றதப் பத்தி இப்ப எதுவும் சொல்றதுக்கில்ல" என்று ஜாக்கிரதையாகச் சொல்லியிருந்தாள். இன்று சனிக்கிழமை.

பதினொரு மணிக்குப் பழுது பார்க்கிற பெண் வந்தாள். பெயர் ஃபர்ஹானா. முப்பது வயதிருக்கும். கழற்றிப் போட்டிருந்த வயர்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஏன் சார், கைக்கு வந்ததையெல்லாம் ஒரேயடியா பிடுங்கினா எது குற்றவாளின்னு எப்படித் தெரியும்? ஒண்ணை எடுக்கணும், கேட்கணும். திரும்ப மாட்டிட்டு அடுத்ததை எடுக்கணும்."

அவள் அப்படித்தான் செய்தாள். ஒலிபெருக்கியையும் செவிக்கூட்டையும் இணைக்கும் கம்பியை எடுத்தபோது முரல் சட்டென்று நின்றது. மாட்டினாள், மறுபடி வந்தது.

"ரெண்டும் வேற வேற எர்த்துல நிக்குது. நடுவுல இந்தக் கம்பி. மூணும் சேர்ந்து ஒரு வளையமாயிடுச்சு, அதுல கரண்டு சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டையும் ஒரே பிளக் பாயிண்டுக்குக் கொண்டுவந்தா போயிடும். ஆனா அப்ப செவிக்கூட்டுலயும் முரல் ஏறாது. நீங்க பேசுற பேச்சுக்குத் தேதி இருக்காது. வீட்ல எல்லாரும் சம்மதிக்கணும் சார், சட்டம்."

"அதானே பார்த்தேன்!" என்றாள் தன்யஸ்ரீ. "நாதஸ்வரமாம். தேதியில்லாம யார்கிட்ட என்ன பேசப் போறீங்க? இந்தப் பொண்ணை எங்க புடிச்சீங்க?"

"மேடம், நான் பழுது ஆபீஸ்லேருந்து வர்றேன்" என்றாள் ஃபர்ஹானா, அட்டையைக் காட்டி. "நிரந்தரமா வேணாம்னா, பழுது நேரம்னு இருபது நிமிஷம் நிறுத்தி வைக்கலாம். கேட்டுப் பாருங்க. பிடிக்கலேன்னா பழையபடி மாட்டிடறேன்."

தன்யஸ்ரீ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டியை வேறு பார்த்தாள். "இருபது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது" என்றாள்.

ஃபர்ஹானா கம்பியைக் கழற்றிவிட்டு, புதுக் கம்பி எடுத்துவர வண்டிக்குப் போனாள்.

வீடு அப்படி அமைதியாகி அவர்கள் கேட்டதே இல்லை. அடுத்த வீட்டுக் குக்கர் சத்தம் இந்த வீட்டில் அடித்த மாதிரி கேட்டது. இளம்பரிதி நாதஸ்வரத்தைப் போடவில்லை.

"பாட்டு எங்க?" என்றாள்.

"தன்யா, அன்னிக்கு நான் சொன்னது பொய். உன்னைக் காப்பாத்தறேன்னு நினைச்சு உங்கப்பா முகத்தை உன்னைப் பார்க்கவிடாம பண்ணிட்டேன். தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சிடு."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் அழுதாள். சின்ன அழுகையல்ல. ஒன்பது வருஷமாகச் சேர்த்துவைத்த அழுகை. அவன் தரையில் அவள் காலருகே உட்கார்ந்தான். அவளும் அவன் தலையை வருடிக்கொடுத்தாள். நாலைந்து நிமிஷம் அப்படியே இருந்தார்கள். அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது.

பிறகு அந்தக் கை நின்றது.

"இதை ஏன் முரல் இருக்கும்போது சொல்லல?"

"உங்க அண்ணன்..."

"அப்ப நாளைக்கு 'நான் சொல்லவே இல்லே'ன்னு நீங்க சொல்லிடலாம்."

"ஏய், உன் காதாலதானே கேட்ட!"

"என் காது சொன்னா யார் நம்புவா?" என்றவள், கொஞ்சம் யோசித்து மெதுவாகச் சொன்னாள். "நானே நம்பமாட்டேங்க. ஒரு மாசம் கழிச்சு, நிஜமாவே சொன்னாரா, ஆசையில நானா நினைச்சுக்கிட்டேனான்னு தோணும். போட்டுக் கேக்க ஒண்ணும் இருக்காதே."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு அது தெரிந்துவிட்டது.

கதவு தட்டப்பட்டது. "ஒரே எர்த்துக்கு மாத்திடவா மேடம்?" என்றாள் ஃபர்ஹானா.

"வேணாம்மா. பழையபடி மாட்டிடுங்க."

மாட்டிவிட்டுப் போனாள். ஒலிபெருக்கிகள் மறுபடி முனகத் தொடங்கின. தன்யஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரே நின்றாள். காத்திருந்தாள்.

இளம்பரிதிக்கு மைத்துனன் முகம் வந்து போனது. போனால் போகட்டும் என்று, ஒரு வார்த்தை குறைக்காமல், பொய், தப்பு, மன்னிச்சிடு எல்லாவற்றையும் மறுபடி சொன்னான்.

செவிக்கூட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. "குற்ற ஒப்புதல் பதிவாகியுள்ளது" என்றது, பிசிறில்லாத குரலில். "பாதிக்கப்பட்டவர் தெரிவிக்கவும். அழிக்கவா, வைக்கவா?"

தன்யஸ்ரீ அவனைப் பார்த்தாள். அவ்வளவு அன்பாக அவள் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

"வை" என்றாள் செவிக்கூட்டிடம். "பத்திரமா வை."

அப்புறம் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் அடுக்க ஆரம்பித்தாள். அவள் போகப் போவதில்லை. இளம்பரிதி அறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பதிவை எதற்காக வைத்துக்கொண்டாள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கூடத்தில் முரல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கேட்கவில்லை.