மூன்று முறை கூப்பிட்டால்

காலை பதினொன்று இருபதுக்கு அப்பாவுக்கு இடது காது முளைத்தது.

படப்பிடிப்புத் தளத்தின் ஒப்பனை அறையில், பசை காயும்வரை சித்தி அதை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். படத்துக்கு ஒப்பனை அவள்தான். ரப்பர் காது. சாம்பல் நிற முடி. வலது காது மேசைமேல், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் காத்திருந்தது.

"ஆடாதீங்க அத்தான். காது கோணிக்கிட்டா ஓநாய் முயலாயிடும்."

அப்பா சினிமாவில் சண்டைக் கலைஞர். பன்னிரண்டு வருடமாகக் கதாநாயகர்களுக்குப் பதில் மாடியிலிருந்து விழுகிறார். படத்தில் அவர் முதுகு மட்டும்தான் வரும். இப்போதுதான் முதல் வேஷம் கிடைத்தது. ஓநாய் மனிதன்.

"முகத்தைக் காட்டலாம்னு சொன்னாங்க. அதுக்குள்ள முடியை ஒட்டிட்டாங்க," என்றார்.

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. மூலையில் துணி மாட்டும் கம்பியைப் பார்த்தார். தொங்கும் சட்டைகளுக்குக் கீழே இரண்டு சின்னச் செருப்புகள் தெரிந்தன.

செருப்புகளில் பொடியன் இருந்தான். ஐந்து வயது. திங்கட்கிழமை ஓநாயை முதல்முறை பார்த்தான். அன்றிலிருந்து அப்பா மடியில் உட்காரவில்லை. சாப்பிடும்போதுகூட அப்பாவின் நகங்களையே பார்த்தான்.

"இன்னிக்கு நடிச்சுக் குடுத்துடறேன்," என்றார் அப்பா. "நாளையிலிருந்து வேற ஆளைப் பார்த்துக்கட்டும். முடிக்குள்ள யார் இருந்தா என்ன?"

சித்தியின் கை நின்றது. பக்கத்தில் பொடியனின் அக்கா சீப்பை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. அப்பா இந்த வேஷத்துக்காகக் கண்ணாடிமுன் உறுமிப் பழகியது அவளுக்குத் தெரியும்.

சீப்பை வைத்துவிட்டுச் சட்டைகளுக்குப் பின்னால் நுழைந்தாள்.

"டேய், அது பசைடா. சித்தி ஒட்டினதை நீயே பார்த்தே."

"தெரியும்."

"அப்புறம் என்ன பயம்?"

"அப்பா உள்ள இருக்கார். அது வெளிய விடமாட்டேங்குது."

"யார் சொன்னா?"

"அன்னிக்கு 'அப்பா'ன்னு கூப்பிட்டேன். உர்ர்ருன்னுச்சு."

அக்கா யோசித்தாள். திங்கட்கிழமை அப்பா வாயில் பல் செட் இருந்தது. விரல் நீளப் பற்கள். அதை மாட்டினால் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. அதைச் சொல்லிப் பயனில்லை. பசை என்று சொல்லியே இவன் மசியவில்லை.

"எத்தனை தடவை கூப்பிட்டே?"

"ஒரு தடவை."

"அதான். மூணு தடவை கூப்பிடணும்."

அவள் புளுகவில்லை. அப்பாவுக்கு வேஷம் கிடைத்ததும் பள்ளி நூலகத்தில் ஓநாய் மனிதர்களைப் பற்றிய தடிப் புத்தகத்தை எடுத்துப் படித்திருந்தாள்.

"படத்துல ஓநாயை நிறுத்த வெள்ளித் தோட்டா வேணும். பழைய கதையில அதெல்லாம் வேண்டாம். பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிட்டாப் போதும். மனுஷனாயிடும்."

"அப்பா பேரைச் சொன்னா அம்மா காதைத் திருகுவாங்க."

"உனக்கு அவர் பேரு அப்பாதானே?"

செருப்புகள் ஓர் அடி முன்னால் வந்தன.

வலது காதும் முளைத்தது. பற்கள் ஏறின. நகம் வைத்த கையுறைகள் ஏறின. அக்கா ஓநாயின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள்.

"அது ரப்பர்," என்றாள் சித்தி. "கீழ இருக்கிற காதுல சொல்லு."

அக்கா கீழே இருந்த காதில் சொன்னாள். ஓநாய் தலையாட்டியது.

"அப்பா."

சட்டைகளுக்குள்ளிருந்து சத்தம் வந்ததே பெரிய காரியம். ஓநாய் கையுறைகளைக் கழற்றியது. உள்ளே அப்பாவின் கைகள் இருந்தன. எப்போதோ மாடியிலிருந்து விழுந்து வளைந்த சுண்டுவிரலும் இருந்தது.

பொடியன் வெளியே வந்தான்.

"அப்பா."

ஓநாய் பல் செட்டைக் கழற்றித் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தது.

"சொல்லுடா கண்ணா."

பொடியன் நாற்காலிக்கே வந்துவிட்டான்.

"அப்பா!"

கழற்ற வேறொன்றும் இல்லை. அப்பா கையை உயர்த்தி இடது காதைப் பிடித்தார். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. சித்தி திட்டுவாங்க."

"என் வயித்துல பாலை வார்த்தேடா," என்றாள் சித்தி.

பொடியன் மடியில் ஏறி, சீப்பை எடுத்து, ஓநாயின் தாடியை வாரத் தொடங்கினான். அப்பா அசையவே இல்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் சித்தியிடம் கேட்டார்.

பிற்பகலில் அட்டை மரங்களுக்கு நடுவே ஓநாய் நின்றது. கதாநாயகன் துப்பாக்கியை நீட்டினான். இயக்குநர் கையை உயர்த்தினார். அப்போது யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தார்.

"மாமா, அப்பான்னு மூணு தடவை கூப்பிட்டாப் போதுமே. துப்பாக்கி எதுக்கு?"