ஒரு சஹன் சோறு

சஹனில் சோறு குறைகிற வேகம் சம்சாத் பேகத்துக்குச் சரியாகப் படவில்லை.

நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து உண்கிற பெரிய தட்டு அது. நெய்ச்சோற்றைக் குவித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் குழி விழுந்திருந்தது. புருஷன் அய்யூப் சர்க்கரைக்காரர், அளவாகத்தான் தின்பார். மூத்தவள் சப்ரீன் கொறிப்பாள். சின்னவள் ஃபாயிஸாவோ பகல் முழுக்கத் துடுப்புப் போட்ட களைப்பில் தூங்கி வழிந்தாள். நீச்சல் தெரியாத அவளைப் படகில் ஏற்றவே சம்சாத்துக்கு மனசில்லை. 'என் கண்ணு முன்னாலதான் இருக்கணும்' என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டைப் பூட்டினாள்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடி அணைக்கரையில் கூடாரம். கார்த்திகை மழைக்கு நிரம்பிய தண்ணீர் மக்கிய இலையும் சேறுமாக மணத்தது. கவிழ்த்துப் போட்ட கனோ படகுகளிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தி மஃரிப் தொழுது முடித்ததிலிருந்து ஓயாமல் கத்திய தவளைகள், யாரோ வாயைப் பொத்தினாற்போல் ஒரே நேரத்தில் அடங்கின.

கைடு மாரிசெல்வம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்ததால், தனியாகப் பொங்கிக்கொண்டு எட்ட உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, சட்டியத் தொறக்கும்போது யாரக் கூப்பிட்டிய?"

"யாரையும் இல்லப்பா. யாராச்சும் இருந்தா சாப்பிட வாங்கன்னு சொல்றது எங்க வீட்டுப் பழக்கம். கூப்பிடாமத் தின்னா செமிக்காது."

"தண்ணியப் பாத்துல்லக்கா சொன்னிய."

அவன் தின்பதை நிறுத்திவிட்டான்.

சம்சாத் விளக்கைக் கிட்டே இழுத்தாள். சஹனிலிருந்த கைகளை எண்ணினாள். அய்யூப். சப்ரீன். மருதாணி போட்ட ஃபாயிஸா. தன் கை.

இன்னொன்று.

ஊறி வெளுத்த கை. நகத்தில் பாசி. சம்சாத்துக்கும் ஃபாயிஸாவுக்கும் நடுவிலிருந்து நீண்டு, மிக மரியாதையாக, தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்தது.

அவளுக்கு நிமிரப் பயம். யா அல்லாஹ்.

சோறு தீர்ந்தது. அந்தக் கை தட்டை வழித்தது. பின்வாங்கியது.

"வயிறு நெறஞ்சிருச்சு," என்றது ஒரு குரல், காதோரம். "இனி நீங்க எங்க வீட்டுக்கு வரணும்."

விருந்துண்டவர் சொல்கிற வழக்கமான வார்த்தைதான்.

அவள் நிமிர்ந்தாள். பக்கத்தில் ஃபாயிஸா இல்லை. மணலில் ஈரத் தடங்கள். இரண்டு சோடி. தண்ணீர் வரை.

மாரிசெல்வம் டார்ச் அடித்தான்.

அணையின் நடுவே, தண்ணீருக்கு மேல், மூன்று கைகள். சஹனைச் சுற்றி உட்கார்ந்தாற்போல் வட்டமாக. ஒன்றில் மருதாணி. மற்ற இரண்டும் ஊறி வெளுத்தவை. நான்காவது இடம் காலி.

"சோறு ஆறுதும்மா," என்றாள் ஃபாயிஸா, தண்ணீருக்குள்ளிருந்து. "வாங்க."