வரைபடத்தில் விடுபட்ட சிலுவை

புதிதாக அச்சாகி வந்த வரைபடத்தில் ஒரு சிலுவை கூடுதலாக இருந்தது.

அமெரிக்கத் தெற்கில், டெல்மார் நகரத்தின் தண்டவாளங்களையும் மேடுபள்ளங்களையும் இரண்டு வருடம் நடந்தே அளந்து அதை வரைந்தவன் வெண்டல். புள்ளிக்கோட்டுக் கட்டத்துக்குள் சிலுவை என்றால் இடுகாடு. கறுப்பர் குடியிருப்பை ஒட்டிய அந்த மேட்டில் அவன் எதையும் குறிக்கவில்லை. காலி நிலம் என்று எழுதிக் கொடுத்தான். அதன்மேல் ரயில்வே யார்டு வந்துவிட்டது.

அவன் அளக்கப் போன அன்று அங்கே கல்லறைக் கல் ஒன்றுகூட இல்லை. செம்மண்மேல் உடைந்த தட்டுகள், கிளிஞ்சல்கள், அடியில் ஓட்டை போட்ட கோப்பைகள். "என்னம்மா, பாத்திரக்கடை வச்சிருக்கீங்களா?" என்று ஒரு கோப்பையை அவன் எட்டி உதைத்தபோது, சலவைக்காரி ஒடெஸா ஓடி வந்தாள்.

"உதைக்காதீங்கய்யா! செத்தவங்க கடைசியாக் குடிச்ச பாத்திரத்தத்தான் குழி மேல வைப்போம். அது என் புள்ள பால் குடிச்ச கோப்பை."

"குப்பைக்கு இப்படி ஒரு கதையா!"

அவள் அழவில்லை. "உங்க வீட்டுலயும் புள்ள இருக்குல்லய்யா?" என்று மட்டும் கேட்டாள். அந்த நிதானத்துக்காகவே அவனுக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது.

இப்போது வரைபடத்தில் அந்த மேட்டின்மேல் சிலுவை. பிளேடால் சுரண்டினான். மை வாடை மட்டுமே அடிக்கும் அவன் அலுவலக அறையில், மழையில் ஊறிய செம்மண்ணின் வாடை மெல்லப் பரவி, மேஜைக்கு அடியில் யாரோ பீங்கானை நறநறவென்று மெல்லுவதுபோல் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. அதே வரைபடத்தின் அடுத்த பிரதியை எடுத்தான். சிலுவை தண்டவாளத்தைத் தாண்டியிருந்தது. அடுத்தது. பெக்கன் தெரு முனை. அடுத்தது.

அவன் வீடு.

காரை விரட்டினான். உச்சி வெயில். முன்வாசலில் மனைவி லூரீன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்த நேரத்துல வந்துட்டீங்க?"

"மேவிஸ் எங்க?"

"பாலக் குடிச்சிட்டுத் தூங்குறா. கத்தி எழுப்பிடாதீங்க."

"அவ கோப்பை?"

"கட்டில் பக்கத்துலதான் வச்சேன். ஏன், மூஞ்சியெல்லாம் வெளுத்திருக்கு?"

படுக்கையறைக்குப் போகக் கால் வரவில்லை. கோழையாகச் சமையலறைக்குள் நுழைந்தான். ஜன்னல் வழியே கொல்லைப்புறம் தெரிந்தது.

செம்மண் மேடு. ஈரம். நாலு வயதுப் பிள்ளையின் நீளம்.

மேலே, முயல் படம் போட்ட கோப்பை.

பின்னால், படுக்கையறைக்குப் போன லூரீன் மகளைச் செல்லமாக எழுப்பினாள். மறுபடி அழைத்தாள். மூன்றாம் முறை அந்தக் குரல் கிழிந்தது.

கோப்பையின் அடியில் ஓட்டை. பால் இன்னும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.